'சார்ஜ்' வந்தால் சற்று நில்லுங்கள்: தமிழ்ச் செய்தி மேசைகளுக்கு ஒரு திறந்த மடல்

செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஆங்கிலச் செய்தியை, அதாவது ஏஜென்சி காப்பியைத் தமிழாக்கும் உதவி ஆசிரியர்களுக்கும், அதைப் பார்த்துப் பக்கத்துக்கு அனுப்பும் தலைமை உதவி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

"செல்லுல சார்ஜ் இல்ல." "பஸ் சார்ஜ் ஏத்திட்டான்." "புது தாசில்தார் நேத்துதான் சார்ஜ் எடுத்தார்." "ஸ்டோர் இன்சார்ஜ் லீவு." "போலீஸ் சார்ஜ் ஷீட் போட்டாச்சு." "பந்த்ல லத்தி சார்ஜ்." ஒரு டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்த ஆறும் காதில் விழும். ஆறிலும் பொருள் வேறு. கேட்பவர் யாரும் குழம்புவதில்லை, அகராதி தேடுவதுமில்லை. இதே சொல் ஆங்கிலக் காப்பியில் உங்கள் திரைக்கு வரும்போதுதான் "கூடுதல் கட்டணம் வகிக்கும் அமைச்சர்", "கட்டணமின்றி விடுவிக்கப்பட்ட இளைஞர்" போன்ற வரிகள் பிறக்கின்றன. மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டி எடுத்த காப்பி என்றால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். எழுத்துப்பிழை கண்ணை உறுத்தும், பிடித்துவிடலாம். இந்தப் பிழையில் வாக்கியம் இலக்கணமாகவே நிற்கும், அதனால் பிழை திருத்துநரும் தாண்டிப் போய்விடுவார்.

நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்களும் கலைச்சொல் பட்டியல் தயாரிப்பவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மற்ற சொற்களைத் தவறாகப் பெயர்த்தால் வாசகர் சிரித்துவிட்டுப் போவார். இதைத் தவறாகப் பெயர்த்தால் ஒரு மனிதர் மீது இல்லாத குற்றம் ஏறும்.

முதலில் ஒரே ஒரு தொடரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 'த பேனல் சார்ஜ்ட் வித் இன்வெஸ்டிகேட்டிங் த ஸ்காம்'. இதன் பொருள், மோசடியை விசாரிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட குழு. இதில் நடுவே இருக்கும் 'இன்வெஸ்டிகேட்டிங்' என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துவிடுங்கள். 'த பேனல் சார்ஜ்ட் வித் த ஸ்காம்' என்று ஆகும். இப்போது அந்தக் குழுவே மோசடிக் குற்றம் சாட்டப்பட்டது. 'சார்ஜ்ட் வித்' இரண்டிலும் மாறவில்லை. மாறியதெல்லாம் 'வித்'துக்குப் பின்னால் வருவது என்ன என்பதுதான். அங்கே ஒரு வேலை வந்தால் பொறுப்பு, ஒரு குற்றத்தின் பெயர் வந்தால் குற்றச்சாட்டு. அதே இடத்தில் 'எமோஷன்' வந்தால் உணர்ச்சி ததும்புவது, 'எலெக்ட்ரிசிட்டி' வந்தால் மின்னேற்றம் பெற்றது. அவசரத்தில் 'சார்ஜ்ட் வித்' வரை படித்ததும் விரல் "குற்றம் சாட்டப்பட்ட" என்று தட்டச்சு செய்துவிடும். விசாரணை ஆணையத்தைப் பற்றிய செய்தியில் அப்படி ஒரு வரி போனால், அடுத்த நாள் மறுப்பு போடுவதைத் தவிர வழியில்லை.

இதற்கு வெளிநாட்டு முறை எதையும் தேடவேண்டாம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்திலேயே வழி இருக்கிறது. பலபொருள் ஒருசொல்லில் ஒரு வகையின் பொருள் மூன்றால் தெளியும் என்கிறது அது: வேறுபடும் வினை, இனம், சார்பு. 'மா' என்றால் மரமா விலங்கா என்று தெரியாது. பூத்தது என்றால் மரம், ஓடிற்று என்றால் விலங்கு. இது வினையால் தெளிவது. கூட வரும் பொருள்களைப் பார்த்துத் தெளிவது இனம். பேசும் சூழலால் தெளிவது சார்பு. டீக்கடை பெஞ்சில் நடப்பதும் இதுவே. 'ஏத்திட்டான்' என்ற வினை கட்டணத்தைக் காட்டிவிடுகிறது, 'எடுத்தார்' என்றதும் பதவி என்று தெரிகிறது, 'செல்' என்ற இனம் மின்சாரத்தைச் சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இந்த வேலையில் பாதியைச் செய்வது, சொல்லுக்குப் பின்னால் ஒட்டும் சின்ன இடைச்சொல். 'சார்ஜ்ட் ஃபார்' என்றால் பெரும்பாலும் கட்டணம். 'சார்ஜ்ட் டு' என்றால் ஒரு கணக்கில் எழுதப்பட்டது, அறை வாடகைக் கணக்கில் சேர்த்த சாப்பாட்டுச் செலவு போல. பேட்டரியைப் பற்றிய பேச்சு என்றால் அதே 'டு' எத்தனை சதவீதம் வரை என்பதைச் சொல்லும். 'சார்ஜ்ட் ஆன்' என்றால் ஒரு நிதியின் மேலோ சொத்தின் மேலோ வைத்தது. 'சார்ஜ்ட் தட்' என்று வந்தால் யாரோ மேடையில் சொன்ன குற்றச்சாட்டு. 'சார்ஜ்ட் அட்' கொஞ்சம் வழுக்கும். 'அட்' என்பதற்குப் பின் ஒரு ஆள் அல்லது வண்டி இருந்தால் பாய்ச்சல். சதவீதம் இருந்தால் வரி. பிரிட்டிஷ் செய்தியில் காவல் நிலையத்தின் பெயர் இருந்தால், அந்த நிலையத்தில் குற்றம் சாட்டப்பட்டார் என்று பொருள்.

'தட்' வகையைத் தனியாகச் சொல்லவேண்டும். இந்திய ஆங்கில நாளிதழ்களில் இது அன்றாடம் வரும். எதிர்க்கட்சித் தலைவர் 'சார்ஜ்ட் தட்' டெண்டரில் முறைகேடு நடந்தது என்றால், அவர் குற்றஞ்சாட்டினார், அவ்வளவுதான். வழக்கும் இல்லை, காவல்துறையும் இல்லை. அதே தலைவர் 'வாஸ் சார்ஜ்ட்' என்றால் நிலைமை தலைகீழ், அவர் மீதே வழக்கு. 'வாஸ்' என்ற ஒரு துணைவினை பேசியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. ஆங்கிலத் தலைப்புகளில் 'வாஸ்' விழுந்துவிடும் என்பதால் சிக்கல் இன்னும் கூடும். தலைப்பை மட்டும் பார்த்து ஃபிளாஷ் போடும் வழக்கத்தை இந்தச் சொல்லுக்காவது விட்டுவிடுங்கள். லீடு எனும் முதல் பத்தியைப் படிக்காமல் எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று தெரியாது.

இனி வழக்குச் செய்திகள். எங்களுக்கு மிகுந்த கவலை இங்கேதான். இந்தியக் குற்றவியல் நடைமுறை ஒரு ஏணி. ஒவ்வொரு படிக்கும் ஆங்கிலக் காப்பி 'சார்ஜ்' குடும்பச் சொல் ஒன்றைப் பயன்படுத்தும். தமிழில் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் வாசகருக்கு வழக்கு எந்தப் படியில் நிற்கிறது என்றே தெரியாது.

கீழ்ப்படி, முதல் தகவல் அறிக்கை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 154. இந்தக் கட்டத்தில் இந்திய நிருபர்கள் 'புக்ட்' என்று எழுதுவார்கள். தமிழில் "வழக்குப் பதிவு". ஆங்கில நிருபரே கவனமில்லாமல் 'சார்ஜ்ட் அண்டர் செக்ஷன்' என்று எழுதியிருந்தாலும், காப்பியில் எஃப்.ஐ.ஆர். தவிர வேறு எதுவும் நடக்கவில்லை என்றால் "வழக்குப் பதிவு" என்றே எழுதுங்கள்.

அடுத்த படி, புலனாய்வு முடிந்து காவல்துறை நீதிமன்றத்தில் கொடுக்கும் இறுதி அறிக்கை. புதிய சட்டத்தில் 193, பழையதில் 173. இதைத்தான் சார்ஜ் ஷீட், குற்றப்பத்திரிகை என்கிறோம். காவலில் இருப்பவர் விஷயத்தில் இதற்கு ஒரு கெடு உண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் சிறை விதிக்கத்தக்க குற்றம் என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் தாக்கலாகாவிட்டால், ஜாமீன் கொடுக்கத் தயாராக இருக்கும் காவல் கைதிக்கு வெளியே வரும் உரிமை வந்துவிடும். ஆகவே "குற்றப்பத்திரிகை" என்ற சொல்லைக் கைது செய்த மறுநாளே எழுதிவிட்டால், ஜாமீன் கணக்கையே மாற்றிச் சொல்கிறீர்கள்.

மூன்றாவது படி, நீதிமன்றமே குற்றச்சாட்டை வரையறுத்துப் பதிவு செய்வது. 'சார்ஜஸ் ஃப்ரேம்ட்' என்று வரும். நாளிதழ்களில் "குற்றச்சாட்டுப் பதிவு", சட்டத் தமிழில் "குற்றச்சாட்டு வனைதல்". புதிய சட்டப்படி செஷன்ஸ் வழக்கில் 251-ஆம் பிரிவு, குற்றவியல் நடுவர் முன் நடக்கும் வாரண்டு வழக்கில் 263. குற்றப்பத்திரிகை காவல்துறையின் கருத்து. குற்றச்சாட்டுப் பதிவு, விசாரிக்க முகாந்திரம் இருக்கிறது என்ற நீதிமன்றத்தின் முடிவு. இரண்டுக்கும் நடுவே பல மாதங்கள் போகலாம். 'சார்ஜஸ் ஃப்ரேம்ட்' என்பதைக் "குற்றப்பத்திரிகை தாக்கல்" என்று எழுதுவது மேசைகளில் அடிக்கடி நேரும் பிழை. ஏணியில் ஒரு படி கீழே தள்ளிவிட்ட மாதிரி அது. 'சார்ஜஸ் ஃப்ரேம்ட்' என்பதைப் பொய்யாகப் புனைந்த வழக்கு என்று புரிந்துகொள்வதும் உண்டு. பேச்சு ஆங்கிலத்தில் 'ஃப்ரேம்' என்றால் பொய்வழக்கில் மாட்டிவிடுவது என்ற பொருளும் இருப்பதால் வரும் வழுக்கல் அது.

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் ஆர்.சி.எஸ். என்று ஒன்று புழங்குகிறது. விரித்தால் 'ரெஃபர்ட் சார்ஜ் ஷீட்'. பெயரில் சார்ஜ் ஷீட் இருந்தாலும், மேல் நடவடிக்கைக்கு இடமில்லை என்று வழக்கை முடித்துவைக்கக் கொடுக்கும் அறிக்கை அது. புகார்தாரருக்கு "ஆர்.சி.எஸ். நோட்டீஸ்" போகும். இதைக் "குற்றப்பத்திரிகை தாக்கல்" என்று எழுதினால் நடந்ததற்கு நேரெதிரான செய்தி போகும். "வழக்கை முடித்துவைத்துக் காவல்துறை அறிக்கை" என்று எழுதலாம்.

பிறகு மாற்றங்கள். 'சார்ஜஸ் ஆல்டர்ட்' என்றால் நீதிமன்றம் குற்றச்சாட்டைத் திருத்தியது. தீர்ப்புக்கு முன் எப்போது வேண்டுமானாலும் அதைச் செய்யலாம். 'சார்ஜஸ் ட்ராப்ட்' என்றால் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. 'சார்ஜஸ் குவாஷ்ட்' என்றால் ரத்து. மூன்றும் ஒன்றல்ல.

அரசு ஊழியர்கள் செய்தியில் இன்னொரு கிளை. 'சார்ஜ் மெமோ' என்பது துறை நடவடிக்கை. அலுவலகங்களில் "பதினேழு பி போட்டுட்டாங்க" என்பார்கள். தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு நடவடிக்கை மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(பி) அது, பெருந்தண்டனைக்கான நடைமுறை. குற்றவியல் நீதிமன்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தமிழில் "குற்றச்சாட்டுக் குறிப்பாணை". இதையும் "குற்றப்பத்திரிகை" என்று போட்டால், ஓய்வுபெற இருக்கும் ஒரு ஊழியரைக் கிரிமினல் வழக்கில் நிறுத்திவிடுகிறீர்கள்.

வெளிநாட்டுச் செய்திகளில் இந்த ஏணியை அப்படியே சாய்த்துவைக்க முடியாது. இங்கிலாந்தில் 'சார்ஜ்ட்' என்பது முறைப்படி குற்றம் சாட்டும் ஒரு தனி நடவடிக்கை. அதற்கு முன்பு ஒருவரை விசாரணைக்காகப் பொதுவாக 24 மணி நேரம் வைத்திருக்கலாம். கடுமையான குற்றம் என்றால் மேலதிகாரி 36 மணி வரையும், மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 96 மணி வரையும் நீட்டிக்கலாம். ஆகவே 'ரிலீஸ்ட் விதவுட் சார்ஜ்' என்பது அங்கே பெரிய செய்தி. பிடித்து விசாரித்தார்கள், குற்றம் சாட்ட முடிவெடுக்கவில்லை, அனுப்பிவிட்டார்கள். "குற்றம் சாட்டப்படாமல் அனுப்பப்பட்டார்" என்று எழுதவேண்டும். "நிரபராதி என விடுதலை" என்றும் எழுதக்கூடாது, அப்படி எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சிங்கப்பூர்ச் செய்திகளில் 'சார்ஜ்ட் இன் கோர்ட்' என்று வந்தால் நீதிமன்றத்தில் அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது என்பதே சரி. இந்திய வழக்கப்படி அதைக் குற்றப்பத்திரிகை ஆக்கவேண்டாம்.

'டிஸ்சார்ஜ்' இதே குடும்பத்துப் பிள்ளை. வழக்கில் அது "விடுவிப்பு", 'அக்விட்டல்' என்பதுதான் "விடுதலை". விடுவிப்பு, குற்றச்சாட்டு பதிவாகும் முன்பே, போதிய ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் அனுப்பிவிடுவது. விடுதலை, விசாரணை முழுதும் நடந்து தீர்ப்பில் கிடைப்பது. ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. விடுவிக்கப்பட்டவர் மீது புதிய ஆதாரம் கிடைத்தால் வழக்கு திரும்பி வரலாம். விடுவிப்பு விடுதலை ஆகாது என்று சட்டப்பிரிவின் விளக்கமே சொல்கிறது. பழைய சட்டத்தில் 300, புதியதில் 337. "டிஸ்சார்ஜ் மனு தள்ளுபடி" என்ற செய்திக்கு "விடுதலை இல்லை" என்று தலைப்பு வைத்தால், தண்டனையே கிடைத்துவிட்டதாக வாசகர் நினைப்பார். உண்மையில் விசாரணையே இனிமேல்தான் தொடங்கும்.

அதே 'டிஸ்சார்ஜ்' மருத்துவமனைச் செய்தியில் வீடு திரும்புவது, புண் என்றால் சீழ் அல்லது கசிவு, அணை என்றால் வெளியேற்றம். மேட்டூரிலிருந்து 20,000 கன அடி 'டிஸ்சார்ஜ்' என்றால் விநாடிக்கு அவ்வளவு என்று பொருள். ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர், ஆக விநாடிக்கு ஐந்தரை லட்சம் லிட்டருக்கு மேல். தமிழாக்கத்தில் 'விநாடிக்கு' விழுந்துவிட்டால் எண் இருந்தும் பயனில்லை. ஆங்கிலத்தில் 'க்யூசெக்' என்ற அலகிலேயே விநாடி ஒளிந்திருக்கிறது, தமிழில் நாம்தான் எழுதவேண்டும்.

இவ்வளவு பொருளும் ஒரே சொல்லில் எப்படி வந்தது என்று தெரிந்தால் நினைவில் வைப்பது எளிது. மூலம் லத்தீனில் வண்டியைக் குறிக்கும் 'கர்ருஸ்'. அதிலிருந்து பிந்திய லத்தீனில் 'கர்ரிகாரே', வண்டியில் பாரம் ஏற்றுவது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கப்பல் சரக்கைச் சொல்லும் 'கார்கோ'வும் இந்தக் குடும்பம்தான். மிகையாகப் பாரம் ஏற்றிய சித்திரம் என்ற பொருளில் இத்தாலியிலிருந்து வந்த 'கேரிகேச்சர்', அதாவது கேலிச்சித்திரமும் இதே வேர். பாரம் ஏற்றுதல் என்ற ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாக வரும். ஆள்மேல் வேலையை ஏற்றினால் பொறுப்பு, பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு, விலையை ஏற்றினால் கட்டணம். துப்பாக்கியில் மருந்தை ஏற்றினால் அதுவும் சார்ஜ். 1740-களில் ஃபிலடெல்ஃபியாவில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் லைடன் ஜாடிகளை வைத்துச் சோதனை செய்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், துப்பாக்கிக்கு மருந்து ஏற்றும் அந்தச் சொல்லையே ஜாடிக்கு மின்சாரம் ஏற்றுவதற்கும் எழுதினார். பீரங்கி வரிசைக்குரிய 'பேட்டரி' என்ற சொல்லை ஜாடி வரிசைக்குச் சூட்டியதும் அவர்தான். உங்கள் கைப்பேசியின் இரண்டு சொற்களும் போர்க்களத்திலிருந்து வந்தவை.

தமிழ் இந்தக் கருத்துக்கு அந்நியம் அல்ல. நம்மிடம் "ஏற்று", "சுமத்து" என்ற இரண்டு வினைகள் கிட்டத்தட்ட அதே பாதையில் நடந்திருக்கின்றன. பொறுப்பேற்றார். குற்றம் சுமத்தினார். கட்டணத்தை ஏற்றினார்கள். இலங்கைத் தமிழ் இயற்பியலில் மின் சார்ஜுக்கு "ஏற்றம்" என்றே பெயர். தமிழ்நாட்டுப் பாடநூலில் "மின்னூட்டம்". ஆகவே பொருள் தெரியாமல் திணறும்போது ஒரு கேள்வி போதும்: இங்கே எதை, யார்மேல் அல்லது எதன்மேல் ஏற்றுகிறார்கள்? பதில் கிடைத்தால் தமிழ்ச் சொல்லும் கிடைத்துவிடும். பாய்ச்சல் மட்டும் இந்தக் கேள்விக்கு நேராகப் படியாது. குதிரைப்படை எதிரிமேல் மொத்தப் பாரத்தோடு விழுவது என்று வைத்துக்கொள்ளலாம். கிரிமியப் போரில் 1854 அக்டோபர் 25 அன்று பலக்லாவாவில் பிரிட்டிஷ் இலகு குதிரைப்படை பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தது இந்த வகை. நம்மூர் 'லத்தி சார்ஜ்' அதன் தம்பி, தமிழில் "தடியடி" என்று அழகாகவே நிலைத்துவிட்டது. காட்டுச் செய்தியில் 'மாக் சார்ஜ்' என்றால் யானை மிரட்டப் பாய்ந்து பாதியில் நின்றுவிடுவது. "யானை தாக்கியது" என்று எழுதினால் பொய். "துரத்துவதுபோல் பாய்ந்து நின்றது" என்று எழுதுங்கள்.

ஒரு சின்ன இடைச்செருகல். முழு சார்ஜில் இருக்கும் கைப்பேசி பேட்டரியில், இயற்பியல் கணக்கில், நிகர மின்னூட்டம் ஏறக்குறைய சுழியம்தான். ஏறியிருப்பது வேதி வடிவ ஆற்றல். 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 18,000 கூலூம் (மின்னூட்டத்தின் அலகு) அளவு மின்னூட்டம் சுற்றில் ஓடிவர முடியும் என்று பொருள், பேட்டரிக்குள் அவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்றல்ல. அறிவியல் பக்கத்தில் எழுதுபவர்கள் கைப்பேசிக்கு "மின்னேற்றம்" என்றும், எலெக்ட்ரானுக்கு "மின்னூட்டம்" என்றும் பிரித்து எழுதினால் நல்லது.

வணிகப் பக்கத்துக்கு வருவோம். இங்கே "கட்டணம்" என்ற சொல் கை தானாகத் தட்டும் சொல், அதனாலேயே இங்கே பிழை அதிகம். ஒரு நிறுவனம் காலாண்டு முடிவில் 'டுக் எ சார்ஜ்' என்றால் யாரும் யாருக்கும் கட்டணம் கட்டவில்லை. சொத்தின் மதிப்பு விழுந்ததையோ ஆலை மூடும் செலவையோ அந்தக் காலாண்டின் லாபத்தில் கழித்து எழுதியிருக்கிறார்கள். "ஒருமுறைச் செலவாகக் கணக்கில் எழுதியது" என்பதே போதும். 'சார்ஜ் ஓவர் அசெட்ஸ்' என்றால் கடனுக்கு ஈடாகச் சொத்தின் மேல் வைத்த பொறுப்பு. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு இதை அடமானத்திலிருந்து வேறுபடுத்துகிறது. நிறுவனங்கள் என்றால் 2013 கம்பெனிகள் சட்டம் 77-ஆம் பிரிவின்படி 30 நாளில் பதிவு செய்யவேண்டும். பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போய் வந்தவர்களுக்கு "வில்லங்கம்" என்றால் உடனே விளங்கும். 'ரிவர்ஸ் சார்ஜ்' என்பதற்குத் "தலைகீழ்க் கட்டணம்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. விற்பவர் கட்டவேண்டிய ஜி.எஸ்.டி.யை வாங்குபவரே நேராகக் கட்டும் முறை அது. வணிக நிறுவனம் வழக்கறிஞரிடம் சட்டச் சேவை பெற்றால் வரியை நிறுவனமே கட்டுவது அப்படித்தான். "வாங்குபவர் வரி செலுத்தும் முறை" என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

பட்ஜெட் நாளில் 'சார்ஜ்ட் எக்ஸ்பெண்டிச்சர்' வரும். அரசியலமைப்பின் 112(3) பிரிவு சில செலவுகளை, அரசின் வருவாய் சேரும் தொகுப்பு நிதியின் மேல் நேராக ஏற்றிவைக்கிறது: குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், கடன் வட்டி போன்றவை. 113-ஆம் பிரிவின்படி இவற்றை அவையில் விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விடமுடியாது. மாநிலங்களுக்கு 202, 203. இதில் ஒரு வேடிக்கை, கடன் வட்டிக்கும் அசலுக்கும் அந்தப் பிரிவே வைத்த பெயர் 'டெட் சார்ஜஸ்'. ஆக, ஒரே வாசகத்தில் செலவு என்ற சார்ஜும், நிதிமேல் ஏற்றப்பட்ட என்ற சார்ஜும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முதலாவதற்குச் "செலவு", இரண்டாவதற்கு "வாக்கெடுப்புக்கு உட்படாத" என்று எழுதினால் வாசகர் தப்பித்தார்.

பதவிச் செய்திகளில் 'அடிஷனல் சார்ஜ்' கூடுதல் பொறுப்பு. தூதரகச் செய்தியில் 'ஷார்ஜே தஃபேர்' வந்தால் பொறுப்புத் தூதர். தூதர் ஊரில் இல்லாதபோது தற்காலிகமாகப் பார்த்துக்கொள்பவரும் உண்டு, தூதர் அந்தஸ்தே இல்லாமல் நிரந்தரமாகத் தலைமை வகிப்பவரும் உண்டு. 1961 வியன்னா உடன்படிக்கை இருவரையும் தனித்தனியாகச் சொல்கிறது. இரு நாட்டு உறவு கெட்டுத் தூதரைத் திரும்ப அழைத்த செய்தியில் இந்த வேறுபாடே செய்தி. இன்னொன்று, திசை மாறும் தொடர்: 'த ஆன்ட் வாஸ் இன் சார்ஜ் ஆஃப் த சைல்ட்' என்றால் குழந்தை அத்தையின் பொறுப்பில். 'த சைல்ட் வாஸ் இன் த சார்ஜ் ஆஃப் த ஆன்ட்' என்றாலும் அதேதான். நடுவில் ஒரு 'த' வந்ததும், எழுவாய் பார்த்துக்கொள்பவரா பார்த்துக்கொள்ளப்படுபவரா என்பது திரும்பிவிடுகிறது. விளையாட்டுப் பக்கத்தில் பயிற்சியாளரின் 'சார்ஜஸ்' என்றால் அவருடைய வீரர்கள். அவர் மேல் வழக்கு ஒன்றும் இல்லை.

மேசையில் செய்யக்கூடியதைச் சொல்கிறோம், எல்லாம் சேர்த்தால் ஒரு காப்பிக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். தமிழாக்கத் தொடங்கும் முன் ஆங்கிலக் காப்பியில் இந்தச் சொல்லைத் தேடுங்கள். 'டிஸ்சார்ஜ்', 'சர்சார்ஜ்', 'ரீசார்ஜ்' எல்லாம் தேடலில் தானாகச் சிக்கும். சிக்கிய இடமொவ்வொன்றிலும் எழுவாயையும் பின்னால் வரும் இடைச்சொல்லையும் அடிக்கோடிடுங்கள். ஒரே காப்பியில் இரண்டு பொருளில் வருவது சாதாரணம், ஆகையால் முதல் இடத்தில் போட்ட தமிழ்ச் சொல்லை 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானால் பரப்பாதீர்கள். வழக்குச் செய்தி என்றால் கடைசியாக நடந்தது என்ன, அதைச் செய்தது காவல்துறையா நீதிமன்றமா என்று நிருபரைக் கேளுங்கள். ஏஜென்சி என்றால் காப்பியின் கடைசிப் பத்திகளைப் படியுங்கள், வழக்கின் பழைய கதை அங்கேதான் இருக்கும். முடித்த பிறகு, தமிழ் வரியை மட்டும் பக்கத்து நாற்காலிக்காரருக்கு வாசித்துக் காட்டி, "ஆள் இப்போ எந்த நிலையில இருக்கார்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் நிலையும் ஆங்கிலக் காப்பியும் ஒத்துப்போகவில்லை என்றால் அனுப்பாதீர்கள்.

ஐயம் தீராவிட்டால் "குற்றம் சாட்டப்பட்டவர்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "குற்றவாளி" என்பது தீர்ப்புக்குப் பிறகு மட்டும் வரும் சொல். நம் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை "எதிரி" என்பார்கள், "முதலாம் எதிரி", "இரண்டாம் எதிரி" என்று எண் போட்டு. தீர்ப்பு நகலைப் பார்த்து எழுதும்போது அதை அப்படியே எடுத்துப் போட்டால், யாருக்கு யார் எதிரி என்று வாசகர் தேடுவார்.

தலைமை உதவி ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. பயிற்சிக்கு வரும் புதியவர்களிடம் முதல் நாளே இந்த நான்கு வரியைக் கொடுங்கள். 'ஷி வாஸ் சார்ஜ்ட் வித் ரன்னிங் த கேம்ப்.' 'ஹி வாஸ் சார்ஜ்ட் ஃபார் த பெட்.' 'த லோன் இஸ் சார்ஜ்ட் ஆன் த ஹவுஸ்.' 'ஹி வாஸ் டிஸ்சார்ஜ்ட் யெஸ்டர்டே.' முதல் வரியில் முகாம் நிவாரண முகாமா சட்டவிரோதமான முகாமா என்பது முன்பின் வரியைப் பார்க்காமல் தெரியாது. நிவாரண முகாம் என்றால் அது பொறுப்பு, மற்றது என்றால் குற்றச்சாட்டு. கடைசி வரியில் மருத்துவமனையா, நீதிமன்றமா, ராணுவமா என்பதும் அப்படியே. "இது தெரியாமல் தமிழாக்க முடியாது, முழுக் காப்பி வேண்டும்" என்று முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் கேட்கும் பயிற்சியாளரிடம் நீதிமன்றச் செய்தியைத் தைரியமாகக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
நீதிமன்ற மொழிபெயர்ப்பிலும் கலைச்சொல் பணியிலும் இருக்கும் சிலர்